செசரியா துறைமுகப் பட்டணம்: அன்றும் இன்றும்

அப்போஸ்தலர் நடபடிகளைப் பாடமாகக் கற்பிக்கும் நாம், விடைத்தாள்களைத் திருத்தும்போதெல்லாம் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் சந்திக்கிறோம். சீமோன் பேதுரு தம் விசுவாச அறிக்கையைச் செய்த இடமும், நூற்றுக்கு அதிபதியாகிய கொர்நேலியு வாழ்ந்த இடமும் ஒன்றே என்று மாணவர் பலர் எழுதிவிடுகின்றனர். குற்றம் முழுவதும் அவர்களுடையது அன்று. நமது தமிழ் வேதாகமம் முன்னதைப் பிலிப்புச் செசரியா என்று அழைக்கிறது. பின்னதிலோ சுவிசேஷகனாகிய பிலிப்பு தம் நான்கு குமாரத்திகளுடன் குடியிருந்தார் (அப். 21:8, 9). பிலிப்பு வாழ்ந்த செசரியாவே பிலிப்புச் செசரியா என்று ஒரு மாணவன் முடிவு கட்டினால், அவனைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வருவதில்லை.

உண்மையில் அவை இரு வேறு ஊர்கள். பிலிப்புச் செசரியா வடக்கே, எர்மோன் மலையின் அடிவாரத்தில், யோர்தானின் ஊற்றுகளுள் ஒன்றின் அருகே இருந்தது. அதற்குப் பெயர் தந்த பிலிப்பு, பெரிய ஏரோதின் மக்களுள் ஒருவனாகிய காற்பங்கு தேசாதிபதி. நாம் இக்கட்டுரையில் காணப்போகும் செசரியாவோ மத்தியதரைக் கடலின் கரையில், இன்றைய தெல் அவீவுக்கும் ஐபாவுக்கும் இடையே உள்ளது. நான்கு சுவிசேஷங்களிலும் இக்கடற்கரைச் செசரியா ஒருமுறையேனும் குறிப்பிடப்படவில்லை. அப்போஸ்தலர் நடபடிகளிலோ 15 முறை வருகிறது. எருசலேமில் தொடங்கி ரோமாபுரியில் முடியும் அந்நூலுக்கு இப்பட்டணமே நடுவாசல். புறஜாதியாரில் முதற்பலனாகக் கொர்நேலியுவின் வீட்டார் திருமுழுக்குப் பெற்றது இங்கே. பவுல் இரண்டு ஆண்டுகள் காவலில் இருந்ததும், பின்னர் ரோமாபுரிக்குக் கப்பலேறியதும் இங்கேதான். ஆயினும் நமது சபைகளிலிருந்து புனித நாட்டுப் பயணம் செல்வோர் பெத்லெகேமையும் கலிலேயாக் கடலையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவர். செசரியாவைப் பற்றிக் கேட்டால் கடலோரத்தில் நின்று எடுத்த நிழற்படம் ஒன்றைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்வர். பயண ஏற்பாட்டாளர்கள் அங்கே ஒதுக்கும் நேரம் அவ்வளவே.

ஏரோது கட்டிய துறைமுகம்

ஏரோதுக்கு முன் அவ்விடத்தில் "ஸ்திராத்தோனின் கோபுரம்" என்னும் சிறு பெனிக்கேயத் துறை ஒன்று இருந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் அவ்வழி சென்ற செனோன் என்னும் எகிப்திய அரசு அலுவலரின் பாப்பிரஸ் ஏடுகளில் அதன் பெயர் காணப்படுகிறது. பின்னர் அது யூத அரசரின் கைக்கும், கி.மு. 63இல் ரோமரின் கைக்கும் மாறியது. ஆக்தியம் கடற்போரில் வென்ற ஒக்தாவியன், அதாவது பிற்காலத்து அகுஸ்துராயன், கி.மு. 30இல் அதனை ஏரோதுக்கு அளித்தான். கி.மு. 22 அளவில் கட்டத் தொடங்கி, ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளில் ஏரோது ஒரு முழுப் பட்டணத்தையே எழுப்பி முடித்தான். பட்டணத்திற்கு இராயனின் பெயரால் செசரியா என்றும், துறைமுகத்திற்கு "செபாஸ்தோஸ்" என்றும் பெயரிட்டான். அகுஸ்து என்னும் இலத்தீன் பட்டத்தின் கிரேக்க வடிவமே செபாஸ்தோஸ். ஊரும் துறையும் ஒரே மனிதனின் புகழைப் பாட வேண்டுமென்பது அவன் நோக்கம்.

யோப்பாவுக்கும் தோர் பட்டணத்திற்கும் இடைப்பட்ட கரை நேராக ஓடுவது. கப்பல் ஒதுங்குவதற்கு வளைகுடாவோ தீவோ அங்கில்லை. தென்மேற்குக் காற்று எழும்போது மாலுமிகள் கரைக்கு வர அஞ்சி நடுக்கடலிலேயே நங்கூரமிட்டுத் தவிப்பர் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். இயற்கை தராத துறைமுகத்தை மனிதன் செய்ய வேண்டியிருந்தது. அதனை ஏரோது செய்த விதம் இன்றைய பொறியாளரையும் வியக்க வைக்கிறது. சுண்ணாம்புடன் எரிமலைச் சாம்பலைக் கலந்தால் அக்கலவை நீருக்கடியிலும் இறுகிக் கல்லாகும் என்பதை ரோமர் கண்டிருந்தனர். அந்தச் சாம்பல் இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாப் பகுதியிலிருந்து கப்பல் கப்பலாகச் செசரியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மரத்தால் மாபெரும் பெட்டிகளைச் செய்து, கடலில் மிதக்கவிட்டு, உரிய இடத்திற்கு இழுத்துச் சென்று, உள்ளே காரைக்கலவையைக் கொட்டி ஆழத்தில் அமிழ்த்தினர். இப்பெட்டிகளுட் சில, கப்பல் தச்சர் பலகைகளைப் பொருத்தும் முறையிலேயே பொருத்தப்பட்டிருந்தன. இவ்வாறு தெற்கேயிருந்து வளைந்து வந்த பெரிய அலைதடுப்பு ஏறத்தாழ 500 மீட்டர் நீளமுடையது. வடக்கேயிருந்து வந்தது அதிற் பாதியளவு. இரண்டுக்கும் இடையே வடமேற்கு நோக்கி நுழைவாயில்.

யோசேபஸ் இத்துறைமுகத்தை வருணிக்கும் பகுதியை அவருக்கு இயல்பான மிகைப்பேச்சு என்று ஒதுக்கியவர் முன்னாளில் உண்டு. 1960இல் முதல் நீரடி ஆய்வு நடந்தது. 1980 முதல் பல நாட்டு அறிஞர் கூடி ஆண்டுதோறும் மூழ்கி ஆராய்ந்தனர். மரச்சட்டங்களும், அவற்றினுள் இறுகிக் கிடந்த காரைப் பாறைகளும் கடலடியில் வெளிப்பட்டன. அளவுகளில் யோசேபஸ் ஆங்காங்கே மிகைப்படுத்தியிருப்பினும், வருணனையின் சாரம் மெய்யென்று தெரியவந்தது. பழைய ஆசிரியர் ஒருவரை ஐயுறுவதும் ஆய்வு, அவர் சொன்னது சரியென்று பின்னர் ஒத்துக்கொள்வதும் ஆய்வே.

துறைமுகத்தை நோக்கிய ஒரு மேட்டின்மேல் அகுஸ்துவுக்கும் ரோமாபுரித் தேவிக்குமாக ஒரு கோயில் நின்றது. கடலிலிருந்து வருவோர் கண்ணில் முதலிற் படுவது அதுவே. எருசலேமில் தேவாலயத்தைப் புதுப்பித்துக் கட்டிய அதே ஏரோதுதான் இங்கே இராயனுக்குச் சிலை வைத்தான். இவ்விரண்டையும் ஒரே மனிதன் ஒரே காலத்தில் செய்தான் என்பதை மனத்திற் கொண்டால், பின்னாளில் இப்பட்டணத்தில் மூண்ட பூசல்களின் வேர் புலப்படும்.

பிலாத்துவின் கல்

கி.பி. 6இல் யூதேயா ரோமரின் நேர் ஆட்சிக்குள் வந்தபோது, தேசாதிபதிகள் தங்குமிடமாகச் செசரியா ஆயிற்று. எருசலேம் அன்று, செசரியாவே தலைநகர். பிலாத்து பண்டிகைக் காலங்களில் படையுடன் எருசலேமுக்குப் போவான். ஆண்டின் எஞ்சிய நாட்களை இக்கடற்காற்றிலேயே கழித்தான்.

1961இல் இத்தாலிய அகழ்வாராய்ச்சிக் குழுவினர் இங்குள்ள பழைய அரங்கத்தைத் தோண்டியபோது, படிக்கட்டு ஒன்றில் தலைகீழாகப் பயன்பட்டிருந்த சுண்ணாம்புக்கல் ஒன்று கிடைத்தது. நான்காம் நூற்றாண்டில் அரங்கத்தைப் பழுது பார்த்தவர்கள், கைக்குக் கிடைத்த பழங்கல்லை எடுத்துப் படியாக வைத்திருக்கின்றனர். அதன் இலத்தீன் எழுத்துக்கள் சிதைந்திருந்தன. எனினும் திபேரியு இராயனின் பெயரால் எழுந்த ஒரு கட்டடமும், பொந்தியு பிலாத்து என்னும் பெயரும், யூதேயாவின் "ப்ரிபெக்தூஸ்" என்னும் பதவிப் பெயரும் தெளிவாக மீட்கப்பட்டன. மூலக்கல் இப்போது எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் உள்ளது. செசரியாவில் நாம் காண்பது அதன் பிரதியே.

இக்கல்லைப் பற்றி நமது பிரசங்க பீடங்களில் அளவுக்கு மிஞ்சிப் பேசப்படுவதுண்டு. கிறிஸ்துவின் பாடுகளை இக்கல் நிரூபித்துவிட்டது என்று முழங்குவோர் உளர். கல் அப்படி எதையும் சொல்லவில்லை. பிலாத்து என்றொருவன் இருந்தான், யூதேயாவை ஆண்டான், இராயனின் பெயரால் கட்டடம் ஒன்று எழுப்பினான் என்பவற்றையே அது சொல்கிறது. அத்துடன் ஒரு சிறு திருத்தமும் தருகிறது. ரோம வரலாற்றாசிரியர் தசித்து, பிலாத்துவுக்குத் தம் காலத்தில் வழங்கிய "ப்ரொகுராத்தோர்" என்னும் பட்டத்தைச் சூட்டியிருந்தார். பிலாத்து வாழ்ந்த நாளில் வழங்கிய பட்டம் வேறு என்பதைக் கல் காட்டிற்று. நமது விசுவாசப் பிரமாணத்தில் ஞாயிறுதோறும் ஒலிக்கும் ஒரு பெயரைக் கல்லில் வெட்டிய எழுத்தாகக் காண்பது ஓர் அனுபவந்தான். அதற்குமேல் அதன்மீது பாரம் ஏற்ற வேண்டுவதில்லை.

பிலாத்துவின் குணத்தை விளக்குவது கல்லைவிட அருகிலுள்ள ஓட்டப்பந்தய வெளியாகும். கடலை ஒட்டி ஏறத்தாழ 300 மீட்டர் நீளத்திலும் 50 மீட்டர் அகலத்திலும் நீண்டு கிடக்கும் அவ்வெளியின் படிவரிசைகளில் இன்றும் நாம் அமரலாம். பிலாத்து பதவியேற்ற தொடக்கத்தில் இராயனின் உருவம் பொறித்த படைச்சின்னங்களை இரவோடிரவாக எருசலேமுக்குள் அனுப்பினான். யூதர் திரள் திரளாகச் செசரியாவுக்கு நடந்து வந்து, அவனது மாளிகையைச் சுற்றி ஐந்து நாள் இரவும் பகலும் அசையாது கிடந்தனர். ஆறாம் நாள் அவர்களைப் பட்டணத்தின் பெரிய பந்தய வெளிக்கு வரவழைத்து, படைவீரரால் மூன்று வரிசையாகச் சூழ்ந்து, இணங்காவிடில் வெட்டுவோம் என்று அச்சுறுத்தினான். அவர்களோ தரையில் விழுந்து, கழுத்தை நீட்டி, நியாயப்பிரமாணத்தை மீறுவதைவிடச் சாவதே மேல் என்றனர். பிலாத்து திகைத்துப்போய்ச் சின்னங்களைத் திருப்பி அழைத்துக்கொண்டான். யோசேபஸ் கூறும் பந்தய வெளி இதுவே என்று ஆய்வாளர் பலர் கொள்வர். கூட்டத்தின் உறுதிக்குமுன் பணிந்துபோகும் இந்தத் தேசாதிபதியையே சில ஆண்டுகளுக்குப் பின் எருசலேமில், வேறொரு கூட்டத்தின் முன், சுவிசேஷங்கள் நமக்குக் காட்டுகின்றன.

பவுலின் இரண்டு ஆண்டுகள்

அரங்கத்திற்கும் பந்தய வெளிக்கும் அருகே கடலுக்குள் நீண்ட பாறைமுனை ஒன்றுண்டு. அதன்மேல் ஒரு மாளிகையின் அடித்தளம் கிடக்கிறது. நடுவே பாறையைக் குடைந்து செய்த, ஏறத்தாழ 35 மீட்டர் நீளமுள்ள குளம். மூன்று பக்கமும் உப்புக்கடல் சூழ, நடுவில் நன்னீர்க் குளம் அமைத்துத் தன் செல்வத்தைக் காட்டிக்கொண்டவன் ஏரோது என்பர். அவனுக்குப் பின் அம்மாளிகை தேசாதிபதிகளின் அரண்மனையாயிற்று. பவுலை ஏரோதின் அரமனையில் காவல்பண்ணும்படி பேலிக்ஸ் கட்டளையிட்டான் என்று லூக்கா எழுதும் இடம் (அப். 23:35) இதுவாகவே இருக்க வேண்டும். அகழ்வின்போது இங்குள்ள அறையொன்றின் தரையில், கைதிகளைக் காக்கும் அலுவலகத்தின் உதவியாளரைக் குறிப்பிடும் இலத்தீன் எழுத்துக்கள் வண்ணக்கற்களால் பதிக்கப்பட்டிருக்கக் கண்டனர். அது பவுலின் காலத்திற்குப் பிற்பட்டதே. ஆயினும் காவல் அலுவலகம் ஒன்று அம்மாளிகையிலேயே இயங்கியது என்பதற்கு அது சான்று.

அப். 24 முதல் 26 வரையுள்ள அதிகாரங்களை இந்த இடத்தை மனக்கண்முன் நிறுத்தி மறுபடியும் வாசிக்குமாறு வாசகரை வேண்டுகிறோம். அங்கே ஒரு குடும்பத்தின் கதை மறைந்து கிடக்கிறது. யாக்கோபைப் பட்டயத்தால் கொன்ற ஏரோது அகிரிப்பா, கி.பி. 44இல் இதே செசரியாவில் இறந்தான் (அப். 12). வெள்ளியிழையால் நெய்த உடை காலை வெயிலில் மின்ன அவன் மக்கள் முன் தோன்றியதையும், அவர்கள் அவனைத் தெய்வமென்று போற்றியதையும், அப்போதே நோயுற்று ஐந்து நாளில் மாண்டதையும் யோசேபஸும் எழுதியுள்ளார். அவனுடைய மகள் துருசில்லாளே பேலிக்ஸின் மனைவி. அவனுடைய மகன் இரண்டாம் அகிரிப்பாவும், மற்றொரு மகள் பெர்னீக்கேயாளும் பெஸ்துவைக் காண வந்து, மிகுந்த ஆடம்பரத்துடன் சபா மண்டபத்திற்குள் நுழைந்தனர். ஆகத் தகப்பன் பெருமையோடு விழுந்த அதே ஊரில், அவனுடைய மக்கள் மூவரும், அவன் துன்புறுத்திய சபையின் அப்போஸ்தலர் சங்கிலியோடு நின்று பேசக் கேட்டிருக்கின்றனர். லூக்கா இதனை எடுத்துச் சொல்லவில்லை. பெயர்களைச் சரியாக வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

பேலிக்ஸ் பவுலை அடிக்கடி அழைத்துப் பேசியதும், கைக்கூலி கிடைக்கும் என்று காத்திருந்ததும், யூதருக்குத் தயவு செய்ய மனதாய் அவரைக் காவலிலேயே விட்டுப் போனதும் நாம் அறிந்தவை. தீர்ப்பும் இல்லை, விடுதலையும் இல்லை; இரண்டு ஆண்டுகள் சும்மா கடந்தன. சிறைகளுக்கு ஊழியத்திற்குச் செல்லும் நமது ஆயர்கள், விசாரணை முடியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருப்போரைக் கண்டிருப்பர். அவர்களுக்கு இந்தப் பகுதியைக் குறித்து நாம் விளக்கம் சொல்லத் தேவையில்லை. இந்த இரண்டு ஆண்டுகளில் லூக்காவும் அந்நாட்டிலேயே தங்கித் தம் சுவிசேஷத்திற்கான செய்திகளைக் கேட்டுத் திரட்டினார் என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். செசரியாவுக்கு வந்தபோதும் (21:8), அங்கிருந்து புறப்பட்டபோதும் (27:1) "நாங்கள்" என்றே அவர் எழுதுவதால் இக்கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பிலிப்புவின் வீடு பக்கத்திலேயே இருந்தது.

பவுல் போனபின் சில ஆண்டுகளில் பட்டணம் தீப்பற்றியது. இங்கே யூதரும் கிரேக்கம் பேசும் புறஜாதியாரும் ஒரே தெருவில் வாழ்ந்தும் ஒன்றாதிருந்தனர். கி.பி. 66இல், ஜெப ஆலயத்தின் வாசலில் ஒருவன் வேண்டுமென்றே பறவைகளைப் பலியிட்டு யூதரைப் புண்படுத்தினான். கலகம் மூண்டது. பின்னர் ஒரே நாளில், ஒருமணி நேரத்திற்குள், 20,000 யூதர் செசரியாவில் கொல்லப்பட்டனர் என்று யோசேபஸ் கூறுகிறார். எண்ணிக்கையை அப்படியே ஏற்கத் தயங்குவோரும் படுகொலையை மறுப்பதில்லை. எருசலேமின் அழிவில் முடிந்த பெரும்போரின் தொடக்கம் இந்த ஊர்ச்சண்டைதான். யூதனும் புறஜாதியானும் ஒரே மேசையில் உட்காரலாம் என்று பேதுரு கற்றுக்கொண்ட கொர்நேலியுவின் வீடும் இதே ஊரில் இருந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நூலகமும் தரையிற் பதித்த வசனமும்

மூன்றாம் நூற்றாண்டில் செசரியா வேறொரு சிறப்பை அடைந்தது. அலெக்சந்திரியாவின் ஆயரோடு ஏற்பட்ட பிணக்கினால் அந்நகரை விட்டு வெளியேறிய ஓரிகன், கி.பி. 230களின் தொடக்கத்தில் இங்கே குடியேறிப் பள்ளி ஒன்றை நிறுவினார். பழைய ஏற்பாட்டை ஆறு பத்திகளில் ஒப்புநோக்கி அமைத்த அவரது "எக்சப்லா" என்னும் பெருநூல் இங்கேயே பாதுகாக்கப்பட்டது. எபிரெய மூலம், அதன் கிரேக்க எழுத்துப்பெயர்ப்பு, ஆக்கிலா, சிம்மாக்கு, எழுபதின்மர், தியோதோத்தியன் ஆகியோரின் மொழிபெயர்ப்புகள் எனப் பக்கம் பக்கமாக அது விரிந்தது. வேதாகம மொழிபெயர்ப்புத் திருத்தத்தில் ஈடுபட்டு, ஒரு சொல்லுக்காக நாள் முழுதும் வாதாடிய எவரும் ஓரிகனின் பொறுமையை நினைத்து நெடுமூச்செறிவர்.

அவருக்குப்பின் பம்பிலஸ் என்னும் மூப்பர் அந்நூல்களைச் சேர்த்து, பிரதி செய்து, பெரிய நூலகமாக்கினார். தியோக்கிலேத்தியன் காலத்துத் துன்புறுத்தலில் கி.பி. 307இல் பிடிபட்டுச் சிறையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடந்து, 310இல் தலை வெட்டுண்டு மரித்தார். சிறையிலும் அவர் வேலையை நிறுத்தவில்லை. சீனாய்ச் சுவடி எனப்படும் பழம்பெரும் வேதாகமப் பிரதியில், எஸ்தர் புத்தகத்தின் முடிவில் திருத்தியவரின் குறிப்பு ஒன்றுள்ளது. பம்பிலஸ் சிறையிலிருந்து, அந்தோனீனு என்னும் மற்றொரு விசுவாச வீரரின் உதவியோடு, ஓரிகனின் எக்சப்லாவுடன் ஒப்பிட்டுத் திருத்திய மிகப் பழைய பிரதியோடு இதுவும் ஒப்பிடப்பட்டது என்று அது தெரிவிக்கிறது. பவுல் காவலில் இருந்த ஊரிலேயே, இரு நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, மற்றொருவர் விலங்கோடு உட்கார்ந்து வேதத்தின் எழுத்துப்பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். அந்நூலகம் நின்ற இடத்தை அகழ்வாராய்ச்சி இன்னும் அடையாளம் காட்டவில்லை.

பம்பிலஸின் மாணவர் யூசேபியஸ் பின்னர் இப்பட்டணத்தின் ஆயரானார். திருச்சபை வரலாற்றை முதன்முதல் முறையாக எழுதியவர் அவர். இரத்தசாட்சிகள் கொல்லப்படுவதைக் கண்ணாரக் கண்டு எழுதிய அதே கை, பின்னாளில் கான்ஸ்தந்தீன் பேரரசனைப் புகழ்ந்தும் எழுதியது. பேரரசன் தன் புதுத் தலைநகரின் சபைகளுக்கென 50 வேதாகமப் பிரதிகளை எழுதித் தரும்படி அவரிடமே கேட்டான். துன்புறுத்திய அரசு ஒரு தலைமுறைக்குள் புரவலனாக மாறியபோது, யூசேபியஸ் மகிழ்ந்ததை நாம் குறைகூற இயலாது. அவர் நண்பர்களைப் புதைத்தவர். எனினும் அவரது மகிழ்ச்சி சற்று மிகையாயிற்று என்றே நமக்குத் தோன்றுகிறது.

இதனோடு சேர்த்து நோக்கத்தக்க ஒன்று இடிபாடுகளிடையே உண்டு. கிறிஸ்தவப் பேரரசின் காலத்தில் இங்கே வரி அலுவலகமாக இயங்கிய கட்டடமொன்றின் தரையில், ரோமர் 13:3 கிரேக்க மொழியில் வண்ணக்கற்களால் பதிக்கப்பட்டிருந்தது. அதிகாரத்திற்குப் பயப்படாதிருக்க விரும்பினால் நன்மை செய் என்னும் கருத்துடைய வசனம் அது. வரி செலுத்த வந்த குடியானவன் தலை குனிந்து நின்றால் கண்ணிற் படுவது அதுதான். இதனை ரோமருக்கு எழுதிய பவுல், ஓரிரு ஆண்டுகளுக்குள், யாதொரு தீமையும் செய்யாதிருந்தும் இதே பட்டணத்தின் அதிகாரத்தால் கட்டுண்டு கிடந்தார். அவரைக் காவலில் வைத்தவன் கைக்கூலிக்குக் காத்திருந்தான். அந்த அலுவலர்களுக்கு இது நினைவில் இருந்ததோ இல்லையோ, வசனத்தின் முன்பகுதி தங்களுக்கும், வந்து நிற்பவனுக்கும் ஒருசேர எழுதப்பட்டது என்று உணர்ந்தனரோ இல்லையோ, தரை சொல்லவில்லை. ரோமர் 13ஐ விளக்க வகுப்பில் நிற்கும்போதெல்லாம் இந்தத் தரை நம் கண்முன் வருகிறது. யார் எங்கே நின்றுகொண்டு வாசிக்கிறார் என்பதைப் பொறுத்து ஒரு வசனம் ஆறுதலாகவும் அச்சுறுத்தலாகவும் ஒலிக்கிறது.

யூத சமுதாயமும் இங்கே மீண்டும் தழைத்தது. ரபீ அபாகு போன்ற அறிஞர் வாழ்ந்த ஊர் இது. 1962இல் பழைய ஜெப ஆலயப் பகுதியில் ஆசாரியரின் 24 வகுப்புகளையும் அவை குடியேறிய ஊர்களையும் பட்டியலிட்ட கல்வெட்டின் துண்டுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் நாசரேத்தின் பெயர் உள்ளது. கிறிஸ்தவரல்லாதார் பொறித்தவற்றுள் அவ்வூரைப் பெயர் சொல்லும் மிகப் பழைய கல்வெட்டு இதுவே என்பர்.

பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏழாம் நூற்றாண்டில், 640 அளவில் பட்டணம் அராபியர் வசமாயிற்று. 1101இல் சிலுவைப் போர்வீரர் பிடித்தனர். பிரான்சு அரசன் ஒன்பதாம் லூயி 1251-52இல் வலிய மதிலும் அகழியும் அமைத்தான். 1265இல் எகிப்தின் சுல்தான் பைபர்ஸ் கைப்பற்றி அழித்தான். அதன்பின் அறுநூறு ஆண்டுகள் மணலும் ஆட்டு மந்தைகளுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போஸ்னியாவிலிருந்து வந்த முஸ்லிம் அகதிகள் இடிபாடுகளிடையே குடியேறினர். அவர்கள் கட்டிய மசூதி இன்றும் துறையருகே நிற்கிறது. 1948இல் அங்கு வாழ்ந்த அரபு மக்கள் வெளியேற்றப்பட்டு, வீடுகளும் பெரும்பாலும் இடிக்கப்பட்டன. வழிகாட்டிகள் சிலர் இதனைச் சொல்வதில்லை. பழம்பெருமை பேசும் இடத்தில் அண்மைத் துயரம் எளிதில் மறைந்துபோகிறது.

இன்று காண்பன

இன்று இடிபாடுகள் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. தெற்கு வாயிலால் நுழைவோர் முதலிற் காண்பது அரங்கம். ஏறத்தாழ 4,000 பேர் அமரத்தக்க அவ்வரங்கில் கோடைக்கால இரவுகளில் இன்றும் இசை நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. அங்கிருந்து பாறைமுனை மாளிகை, பந்தய வெளி, குளிப்பிடங்கள் எனக் கடலோரமாகவே நடந்து துறைமுகத்தை அடையலாம். கோயில் நின்ற மேட்டின்கீழ் இருந்த வளைவு மண்டபங்கள் பழுது பார்க்கப்பட்டு, 2019இல் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டன. அம்மேட்டின்மேல் ஏரோதின் கோயிலுக்குப் பின் கி.பி. 500 அளவில் எண்கோண வடிவான ஆலயமும், பின்னர் மசூதியும், பின்னர் சிலுவைப் போர்வீரரின் ஆலயமும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தன. வந்தவர் எவரும் வேறிடம் தேடவில்லை.

மதிலுக்குக் கிழக்கே, தலையற்ற இரு பெருஞ்சிலைகள் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றன. ஒன்று வெள்ளைச் சலவைக்கல்; மற்றது செம்மைநிறப் போர்பிரிக்கல், பேரரசர்க்கே உரியது. 1951இல் அருகிலுள்ள கூட்டுப்பண்ணையார் உழும்போது இவை தென்பட்டன. பழுதுபட்ட பழஞ்சிலைகளைப் பிற்காலத்தார் தெருவழகுக்காக எடுத்து வைத்துக்கொண்டனர். யாருடைய உருவம் என்பது உறுதியில்லை. தலை இல்லாவிட்டால் இராயனும் கல்தான்.

வடக்கே சற்றுத் தொலைவில், பூங்காவுக்கு வெளியே, கடற்கரை மணலில் வளைவுகளாக நிற்கும் நீர்க்கால்வாய் கட்டணமின்றிக் காணத்தக்கது. செசரியாவுக்குச் சொந்த ஊற்று இல்லை. கர்மேல் மலையடிவாரத்து ஊற்றுகளிலிருந்து இக்கால்வாய் நீர் கொணர்ந்தது. முதற்கால்வாய் ஏரோதின் காலத்தது என்பது பெரும்பாலோர் கருத்து. இரண்டாம் நூற்றாண்டில் ஹாட்ரியன் ஆட்சியில் அதன் பக்கத்திலேயே மற்றொன்றை ஒட்டிக் கட்டினர். எந்தப் படைப்பிரிவு கட்டியது என்பதைப் படைவீரர் கல்லில் பொறித்துச் சென்றனர். நெருங்கிப் பார்த்தால் இரு சுவர்களுக்கும் இடையே சேர்ந்த கோடு தெரியும். 2023 ஆகஸ்டில் ஹாட்ரியன் காலத்து வளைவு ஒன்று இடிந்து விழுந்தது. 2010 டிசம்பரில் வீசிய புயலும் கடற்கரைச் சின்னங்களுக்குச் சேதம் விளைத்திருந்தது. இரண்டாயிரம் ஆண்டு நின்றது இனியும் நிற்கும் என்று எவரும் இருந்துவிட முடியாது.

கடலும் அவ்வப்போது கொடுக்கிறது. 2015இல் நீர்மூழ்குவோர் தற்செயலாக ஏறத்தாழ 2,000 பொற்காசுகளைக் கண்டெடுத்தனர். பாத்திமிய கலீபாக்களின் காலத்தவை. அடுத்த ஆண்டு, 1,600 ஆண்டுகளுக்குமுன் மூழ்கிய வணிகக் கப்பலின் வெண்கலச் சிலைகளும், கான்ஸ்தந்தீன், லிசீனியு ஆகியோரின் உருவம் பொறித்த காசுகளும் வெளிவந்தன. அக்கப்பல் உருக்குவதற்கென்று பழைய உலோகத்தை ஏற்றிச் சென்றது என்று கருதுகின்றனர். மூழ்காதிருந்தால் அச்சிலைகள் உலைக்குப் போயிருக்கும்.

ஏரோதின் துறைமுகத்தையோ கரையில் நின்று தேடினால் காண இயலாது. கட்டி முடித்து ஒரு நூற்றாண்டு கடந்ததும் அது அமிழத் தொடங்கிவிட்டது. நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் காரணம் என்பாரும், பெரும்பாரம் தாங்காது கடலடி மணல் இறங்கியது என்பாரும், காரைக்கலவையே இத்தாலியில் செய்ததுபோல் தரமாக அமையவில்லை என்பாரும் உளர். ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் கூடியிருக்கலாம். 2006 முதல் அப்பகுதி நீரடிப் பூங்காவாக அமைக்கப்பட்டுள்ளது. மூழ்கத் தெரிந்தோர் நீரில் நனையாத வரைபடத்தைக் கையிற் பிடித்து, குறியிட்ட வழியே நீந்தி, அலைதடுப்பையும் நுழைவாயிலையும் மீன்கள் உலவும் காரைப்பாறைகளையும் பார்த்து வருகின்றனர். நம் வயதினர்க்கு அது ஆகாது. அமைதியான நாளில், சிலுவைப் போர்வீரர் தூண்களை அடுக்கிக் கட்டிய சிறு கற்பாலத்தின் முனைவரை நடந்து மேற்கே நோக்கினால், நீலநீரில் வளைந்து செல்லும் கருநிழல் ஒன்று தெரியும். யூலியு என்னும் நூற்றுக்கு அதிபதி கைதிகளை அதிராமித்தியக் கப்பலில் ஏற்றியபோது, அக்கப்பல் அந்த நிழலுக்கு உட்புறமாகத்தான் நின்றிருக்க வேண்டும்.